மதிவதனிக்குப் படையல்

முதல் பொய்யை மதிவதனி தேரடி வீதியில் வைத்துச் சொன்னாள், பூக்காரி தங்கம்மாளிடம்.

பத்து வருஷமாக வெள்ளிக்கிழமை தவறாமல் அவளிடம் பூ வாங்கியவள்தான். ஆபரேஷனுக்குப் பிறகு பதினான்கு மாதம் அந்தப் பக்கம் போகவில்லை. அன்றைக்குப் போய் நின்று இரண்டு முழம் மல்லி கேட்டதும் தங்கம்மாள் அவளை ஏற இறங்கப் பார்த்தாள். சற்றுத் தள்ளி ஆட்டோவை நிறுத்திவிட்டுப் போன் பேசிக்கொண்டிருந்த அவள் புருஷன் அன்பரசனையும் பார்த்தாள். பார்த்துவிட்டுத் தானாகவே ஒரு முடிவுக்கு வந்தாள்.

"நீதான் அன்பரசு வூட்டுக்குப் புதுசா வந்த பொண்ணா?"

மதிவதனிக்குச் சிரிப்பு வந்தது. அது வாய்க்கு வருவதற்குள் தங்கம்மாள் நாரைக் கீழே வைத்துவிட்டு முந்தானையால் கண்ணைத் துடைக்க ஆரம்பித்துவிட்டாள்.

"மூத்தவ ஆபரேஷன்ல போயிட்டாளாமே. கேட்டதுல இருந்து மனசே ஆறலம்மா. மகராசி, நாலு முழம் வாங்கினா ரெண்டு முழத்த இங்க நிக்கிற பொண்ணுங்களுக்கே கிள்ளிக் குடுத்துட்டுப் போவா. நடந்து வந்தா மூச்சு வாங்கும். வாங்கினாலும் சிரிச்சிக்கினே நிப்பா."

'நான்தாங்க அது' என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் தீர்ந்தது விஷயம். இரண்டு பேரும் சிரித்திருப்பார்கள், கூட ஒரு முழம் பூவும் கிடைத்திருக்கும். ஆனால் பாழாய்ப்போன வாய் வேறொன்றைச் சொல்லியது.

"ஆமாங்க. எங்க அக்காதான்."

ஏன் சொன்னாள் என்று கேட்டால் அவளுக்கே அப்போது தெரியாது. எனக்குத் தெரியும். முப்பத்தைந்து வயதில் அவளுக்காக யாரும் அழுது அவள் பார்த்ததில்லை. நூற்று இருபத்தெட்டு கிலோ இருந்தபோது ஊர் அவளைப் பார்த்துச் சிரித்தது, உச்சுக் கொட்டியது, யோசனை சொன்னது. கொள்ளு சாப்பிடு, வெந்நீர் குடி, நாலு பௌர்ணமி மலை சுற்று என்று வழியில் போகிறவனெல்லாம் வைத்தியனானான். கண்ணீர் விட்டது தங்கம்மாள் ஒருத்திதான். அந்தக் கண்ணீர் இன்னும் கொஞ்ச நேரம் ஓடட்டும் என்று தோன்றிவிட்டது, அவ்வளவுதான்.

அவளை ஊர் அதிகம் பார்த்ததும் இல்லை. செங்கம் ரோட்டை ஒட்டிய சந்தில் வீடு. ரமணாசிரமத்துப் பக்கம் அறை எடுத்துத் தங்குகிறவர்களுக்கு அவள் மதியச் சாப்பாடு சமைத்துக் கொடுப்பாள், அன்பரசன் ஆட்டோவில் கொண்டுபோய்க் கொடுப்பான். ஆக, அவளை அறிந்தவர்களில் பாதிப் பேர் அவள் குழம்பை மட்டும் அறிந்தவர்கள். ஆபரேஷனுக்குப் பிறகு தாளிக்கிற வாசனையே வயிற்றைப் புரட்டியதால் அந்த வேலையை நிறுத்திவிட்டாள். சாப்பாடு நின்றது, அந்த வீட்டு வாசலில் ஒரு ஒல்லியான பெண் கோலம் போட ஆரம்பித்தாள், அன்பரசன் முகத்தில் களை போய்விட்டது. இந்த மூன்றையும் பார்க்கிற யாரும் தங்கம்மாள் வந்த முடிவுக்குத்தான் வருவார்கள்.

ஆபரேஷன் ஆசைக்காகச் செய்துகொண்டது இல்லை. தூக்கத்தில் அவளுக்கு மூச்சு நின்று நின்று வந்தது. சர்க்கரை ஏறியது, முட்டி தேய்ந்தது. சென்னையில் ஒரு தனியார் மருத்துவமனையில் டாக்டர் தாளில் படம் போட்டுக் காட்டினார். வயிற்றில் முக்கால் பாகத்தை வெட்டி எடுத்துவிட்டு மீதியை ஒரு வாழைக்காய் அளவுக்குத் தைத்துவிடுவோம், பசியைச் சுரக்கிற இடமும் அதோடு போய்விடும், அதனால் முன்போலப் பசிக்காது என்றார். எல்லாம் அவர் சொன்னபடியே நடந்தது. முதலில் தெளிவான தண்ணீர், பிறகு கஞ்சி, பிறகு மசித்த சோறு. இப்போது ஒரு வேளைக்கு ஒரு இட்லி. அதையும் அரை மணி நேரம் மென்று தின்ன வேண்டும். சாப்பாட்டோடு தண்ணீர் கூடாது, இனிப்பு ஒரு வாய் அதிகமானால் படபடத்து வேர்த்துவிடும். முடி கொத்துக் கொத்தாக உதிர்ந்து மறுபடி முளைத்தது. கைச்சதையும் வயிற்றுச்சதையும் பை காலியானதுபோலத் தொங்கின. சித்திரை வெயிலிலும் குளிர்ந்தது. அறுபத்தாறு கிலோ. முட்டி வலி இல்லை, சர்க்கரை மாத்திரை இல்லை, தூக்கத்தில் மூச்சு ஒழுங்காக வந்தது. டாக்டர் அவளைக் கைகுலுக்கிப் பாராட்டினார்.

அன்பரசன் பாராட்டவில்லை. அவன் நல்லவன், ஒரு வார்த்தை தப்பாகச் சொன்னதில்லை. ஆனால் அவர்கள் குடும்பம் நடத்தியதே சாப்பாட்டில்தான். பிள்ளை இல்லாத வீடு. மதியம் மூன்று மணிக்கு, எல்லோருக்கும் சாப்பாடு போன பிறகு, இரண்டு பேரும் ஒரே தட்டில் மலைபோலச் சோற்றைக் கொட்டிக்கொண்டு உட்காருவார்கள். சிரிப்பு, சண்டை, சமாதானம் எல்லாம் அந்தத் தட்டின் மேல்தான். இப்போது அவன் தனியாகத் தட்டை எடுத்துக்கொண்டு சுவரைப் பார்த்து உட்கார்ந்து ஐந்து நிமிஷத்தில் எழுந்துவிடுகிறான். அவள் பெயர் சொல்லிக் கூப்பிடுவதும் எப்போது நின்றதென்று தெரியாமல் நின்றுபோனது. "இந்தாமா" என்பான், "ஏம்மா" என்பான். அதற்கு முன்பெல்லாம் வாசலில் ஆட்டோ நிற்கும்போதே "மதி" என்று சந்து முழுக்கக் கேட்கும்.

மதிவதனிக்கு வேறொன்றும் வேண்டாம். தன் முகத்தைப் பார்த்து அவன் ஒரு தடவை மதி என்று கூப்பிட்டால் போதும். அதற்காகத்தான் காத்துக்கொண்டிருந்தாள்.

இரண்டாவது பொய் வீட்டு வாசலில் நடந்தது. இருசப்பன் என்று ஒரு காவலாளி, அவள் சாப்பாடு போன கெஸ்ட் ஹவுஸ் ஒன்றில் வேலை பார்ப்பவர், மறுபடி சாப்பாடு கிடைக்குமா என்று கேட்டு வந்தார். அவள் கதவைத் திறந்ததும் அவளைத் தாண்டி உள்ளே எட்டிப் பார்த்து, "அம்மா இருக்காங்களா?" என்றார்.

இந்தத் தடவை அவளுக்குச் சிரிப்பு வரவில்லை. பழகிய வாய் முந்திக்கொண்டது.

"அக்கா தவறிட்டாங்க. நான் தங்கச்சி."

இருசப்பன் வாசற்படியிலேயே உட்கார்ந்துவிட்டார். "எனக்குனு கேரியர்ல ஒரு கரண்டி ஜாஸ்தி வெப்பாங்கம்மா அவங்க. நான் காசு குடுத்து வாங்குற ஆளு இல்ல. ரூம்காரங்க சாப்பாட்டோட எனக்கும் வரும். என் மூஞ்சியகூடப் பாத்ததில்ல அவங்க" என்றார். அவர் போன பிறகு வெகு நேரம் மதிவதனி கதவைப் பிடித்துக்கொண்டு நின்றாள். செத்துப்போனவள் மேல் அவளுக்குப் பொறாமையாக இருந்தது. அது தானேதான் என்பது நினைவு வந்தும் பொறாமை போகவில்லை.

வீட்டில் ஒவ்வொன்றாக ஆரம்பித்தது அந்த வாரத்தில்தான்.

முதலில் சோறு. அன்பரசனுக்கென்று காலையில் குக்கரில் ஆக்கி வைப்பாள். மதியம் திறந்தால் பாதிக்கு மேல் இருக்காது. அவன்தான் நடுவில் வந்து சாப்பிட்டுவிட்டுப் போகிறான் என்று நினைத்தாள். ஒருநாள் கேட்டேவிட்டாள்.

"நானா? மதியம் வரைக்கும் நான் ஜங்ஷன்லதான இருந்தேன்" என்றான் அவன். பிறகு மெதுவாக, "நீ சாப்பிடுறனு நெனச்சேன்மா. நெனச்சி சந்தோஷப்பட்டேன். கேட்டா நிறுத்திடுவியோனு கேக்கல" என்றான்.

அப்புறம் கட்டில். இரும்புக் கட்டிலில் சுவர் ஓரம் அவளுடைய இடம். பத்து வருஷம் அவள் படுத்து அந்த ஓரம் குழிந்திருந்தது. போன தீபாவளிக்குப் புது மெத்தை வாங்கிப் போட்டார்கள். அந்தப் புது மெத்தையில், பகல் இரண்டு மணிக்கு, அவள் துணி மடித்துக்கொண்டிருக்கும்போதே அந்த ஓரம் மெல்ல அமுங்கியது. ஸ்பிரிங் முனகியது. கட்டிலில் யாரும் இல்லை. அவள் மடித்த துணியைக் கையில் பிடித்தபடியே பின்பக்கமாக நடந்து ஹாலுக்கு வந்துவிட்டாள்.

மாடியில் புதிதாகக் குடிவந்திருக்கும் பூஜா, கல்லூரியில் படிக்கிற பெண், படியில் பார்த்துச் சாதாரணமாகச் சொன்னதுதான் எல்லாவற்றிலும் மோசம்.

"உங்க வீட்டுக்கு யாராச்சும் வந்திருக்காங்களாக்கா? மத்தியானம் மொட்டை மாடியில ஒருத்தவங்க நைட்டி காயப்போட்டுட்டு இருந்தாங்க. நல்ல குண்டா. நான் சிரிச்சேன், அவங்களும் சிரிச்சாங்க."

மதிவதனி மாடிக்கு ஓடினாள். கொடியில் அவளுடைய பழைய நைட்டி, ஊதாப் பூப்போட்டது, இரண்டு பேர் நுழையலாம் என்கிற அளவு, ஈரம் சொட்டத் தொங்கிக்கொண்டிருந்தது. ஆறு மாதத்துக்கு முன் மற்ற துணிகளோடு மூட்டை கட்டிப் பரண்மேல் ஏற்றிய நைட்டி அது. மலை எதிரே வெயிலில் வெளுத்து நின்றது. கீழே தெருவில் கீரைக்காரி கூவிக்கொண்டு போனாள். எல்லாம் எப்போதும்போல இருந்ததுதான் அவளுக்குப் பயமாக இருந்தது.

அன்று சாயங்காலம் அன்பரசனிடம் எல்லாவற்றையும் சொல்லிவிட்டாள், பூக்காரியிடம் சொன்ன பொய்யிலிருந்து நைட்டி வரைக்கும். திட்டுவான் என்று எதிர்பார்த்தாள். அவன் தலை குனிந்தபடியே பேசினான்.

"தெரியும்மா. இருசப்பன் போன வாரமே என்னை ரோட்டுல நிறுத்தி துக்கம் கேட்டாரு."

"நீங்க இன்னா சொன்னீங்க?"

"ஆமானு சொன்னேன்."

"ஏங்க?"

"சொல்லணும்னு சொல்லல. அவரு கையப் புடிச்சதும் அழுகை வந்துடுச்சி. ஆட்டோவுல உக்காந்து அழுதேன். அழுதப்புறம் இல்லனு எப்படிச் சொல்றது?"

தான் சொன்ன இரண்டு பொய்யும் அவளுக்குச் சுடவில்லை. இது சுட்டது. அவள் உயிரோடு இந்த வீட்டில் தோசை ஊற்றிக்கொண்டிருக்கும்போது அவன் நடுரோட்டில் அவளுக்காக அழுதிருக்கிறான்.

விஷயம் கீழ்பென்னாத்தூருக்குப் போகாமல் இருக்குமா? போனது. அன்பரசனின் தாய் ஜோதியம்மாள் அங்கே இளைய மகனோடு இருக்கிறாள். ஏழு பேர் அவளிடம் துக்கம் விசாரித்துவிட்டார்கள். எட்டாவது ஆள் வருவதற்குள் பஸ் ஏறி வந்துவிட்டாள். வந்ததும் மருமகளைத் திட்டுகிற அளவுக்குத் திட்டினாள். திட்டி முடித்துத் தண்ணீர் குடித்துவிட்டு, சோறு குறைவதையும் மெத்தை அமுங்குவதையும் நைட்டியையும் ஒன்றுக்கு இரண்டு தடவை கேட்டுத் தெரிந்துகொண்டாள். பிறகு அவள் திட்டவில்லை.

"வெட்டி எடுத்தத இன்னா பண்ணாங்க?" என்றாள்.

"எதை அத்தை?"

"வயித்ததான். அன்னிக்கே நர்ஸ் பொண்ணு கிட்ட கேட்டேன். டெஸ்ட்டுக்கு அனுப்பிட்டு எரிச்சிடுவோம்னா. இங்க பாரு மதி, விரல் வெட்டினாலே துணியில சுத்திப் பொதைப்போம். உன்கிட்ட இருந்து பாதி ஆளு போயிருக்கு. பொதைக்கல, ஒரு வாய் அரிசி போடல. போதாததுக்கு நீயே செத்துட்டானு சொல்லி ஊரையும் அழ வெச்சிட்ட. அழுது முடிச்சப்புறம் அவ எங்க போவா? பசியோட சுத்தறா. சுமங்கலியாப் போனவ. பூவாடைக்காரிக்குப் பண்ற மாதிரி பண்ணி உக்கார வெச்சிடணும்."

சுமங்கலியாகச் செத்தவளுக்குப் புதுச்சேலை, பூ, மஞ்சள், அவளுக்குப் பிடித்த பதார்த்தங்கள் எல்லாம் வைத்துப் பூவாடைக்காரி என்று கும்பிடுவது எங்கள் பக்கத்து வழக்கம். செத்தவளுக்குச் செய்வது அது. பாதி செத்தவளுக்குச் செய்யலாமா என்று எந்தப் பூசாரியிடமும் ஜோதியம்மாள் கேட்கவில்லை. கேட்டிருந்தால் அவன் விழித்திருப்பான்.

மதிவதனி அன்பரசனைப் பார்த்தாள். 'பைத்தியமா அம்மா, இவதான் மதி' என்று அவன் சொல்வான் என்று பார்த்தாள்.

"வெள்ளிக்கிழமையே பண்ணிடலாம்மா" என்றான் அவன்.

அவன் அவ்வளவு சீக்கிரம் ஒத்துக்கொண்டது அவளுக்கு வலித்தது. ஆனாலும் தலையாட்டினாள். உட்கார வைத்துவிட்டால் அவள் தொலைவாள், பிறகாவது இவன் தன் பக்கம் திரும்புவான் என்று நினைத்தாள்.

படையலில் வைக்கிற படத்தைக் கொண்டுவர அவன்தான் ஸ்டுடியோவுக்குப் போனான். யாரோ உறவுக்காரக் கல்யாணத்தில் பச்சைப் பட்டுப் புடவையில் வாயைப் பொத்திக்கொண்டு சிரிக்கிற மதிவதனியை மட்டும் தனியே வெட்டிப் பெரிதாக்கிக் கொண்டுவந்தான். படத்தின் அடியில் தோற்றம் என்று அவள் பிறந்த தேதி இருந்தது. பக்கத்தில் மறைவு என்று ஆபரேஷன் நடந்த தேதி.

"ஸ்டுடியோக்காரர் கேட்டாரு" என்றான், அவள் முகத்தைப் பார்க்காமல்.

வெள்ளிக்கிழமை சமையலை மதிவதனியே செய்தாள். வேறு யாருக்குத் தெரியும் அவளுக்கு என்ன பிடிக்கும் என்று? கத்தரிக்காய் போட்ட புளிக்குழம்பு, ஓரம் மொறுமொறுப்பாக உருளைக்கிழங்கு வறுவல், உளுந்து வடை பன்னிரண்டு, அப்பளம், பருப்புப் பாயசம், கொழுக்கட்டை. வாசனை ஏறாமல் மூக்கில் முந்தானையைக் கட்டிக்கொண்டு செய்தாள். படுக்கையறையில் கட்டிலை நிமிர்த்திச் சுவரில் சாய்த்துவிட்டுத் தரையில் பாய் விரித்தார்கள். சுவரோரம் மணை போட்டு, அதன்மேல் படம், படத்துக்குப் பூ, புதுச்சேலை. எதிரே தலைவாழை இலை. ஜோதியம்மாள் இலையில் சோற்றைக் குவித்தாள். ஐந்து பேர் சாப்பிடலாம். அன்பரசன் தன் கையால் குழம்பு ஊற்றினான். ஒரு சொட்டு வெளியே சிந்தாமல் அவன் ஊற்றியதை மதிவதனி கதவோரம் நின்று பார்த்தாள்.

கற்பூரம் காட்டினார்கள். சாம்பிராணிப் புகை கண்ணை மறைத்தது. இனி எல்லோரும் திரும்பிப் பார்க்காமல் வெளியே வந்து கதவைச் சாத்திவிட வேண்டும், சாத்துகிறவளும் உள்ளே பார்க்கக் கூடாது. சாப்பிட வருகிறவள் கூச்சமில்லாமல் சாப்பிட வேண்டும் அல்லவா?

அடுப்படிக்கு வந்த பிறகுதான் மதிவதனிக்கு நினைவு வந்தது. இலைக்குப் பக்கத்தில் தண்ணீர் வைக்கவில்லை. பதினான்கு மாதமாக அவள் சாப்பாட்டோடு தண்ணீர் குடிக்காததால் அந்த வீட்டில் தண்ணீர் வைக்கிற பழக்கமே போய்விட்டிருந்தது. அவசரமாகச் சொம்பில் மொண்டுகொண்டு, ஹாலில் தாயும் மகனும் கண்மூடிக் கும்பிட்டு நிற்கையில் அவர்களுக்குப் பின்னால் நடந்து, புகைக்குள் நுழைந்தாள். சொம்பை இலைக்கருகே வைத்து நிமிர்வதற்குள் ஜோதியம்மாள் உள்ளே பார்க்காமலே கதவைச் சாத்திவிட்டாள். வெளியே கொண்டி விழுந்தது.

"அத்தை, நான் உள்ள இருக்கேன்" என்றாள்.

வெளியே தரையில் யாரோ தொப்பென்று விழுந்து கும்பிடுவது கேட்டது.

"வந்துட்டியா தாயே" என்று ஜோதியம்மாள் அழுதாள்.

"நான்தான் அத்தை. மதி. கதவத் திறங்க."

மருமகள் அடுப்படிக்குப் போனதை ஜோதியம்மாள் பார்த்திருந்தாள். வந்தவள் இதைத்தானே சொல்ல வேண்டும்? வேறு என்ன சொன்னாலும் ஒருவேளை சந்தேகப்பட்டிருப்பாள். "பேரையும் சொல்லிட்டாடா" என்று மகனிடம் சொல்லிவிட்டு, "சாப்புடாம போவக் கூடாது தாயீ. இலையப் பாரு, எல்லாம் உனக்குத்தான். சாப்புட்டு முடி, திறக்கறோம்" என்றாள்.

மதிவதனி கதவைத் தட்டினாள். தட்டத் தட்ட வெளியே அழுகையும் கும்பிடும் அதிகமாயிற்று. வேறொருத்திக்கு இது நடந்திருந்தால் அவள் விழுந்து விழுந்து சிரித்திருப்பாள். சிரிக்கவும் வாயைத் திறந்தாள். அப்போது கதவுக்கு மிக அருகில், பலகையில் வாயை வைத்துப் பேசுகிற மாதிரி, அந்தக் குரல் வந்தது.

"மதி."

அவள் தட்டுவதை நிறுத்தினாள்.

"ஆபரேஷனுக்குக் கையெழுத்து நான்தான் போட்டேன் மதி. தெனம் உன் மூக்குல கைய வெச்சிப் பாத்துக்கினு உக்காந்திருப்பேன். ஒருநாள் மூச்சு நின்னுடுமோனுதான் பயந்தேன். நீ பொழைக்கணும்னுதான் போட்டேன். நீ போவணும்னு போடல. வந்திருக்கிற பொண்ணு நல்ல பொண்ணு, ஒரு குத்தம் சொல்ல முடியாது. ஆனா அது சாப்பிடுறப்ப என்னைப் பாக்கறதில்ல மதி. மென்னு மென்னு தட்டையே பாக்குது. எனக்கு வூட்டுல பேச ஆளு இல்ல."

அழாமல் இருக்க முயன்றாள், முடியவில்லை. பதினான்கு மாதம் காத்திருந்த பெயர் கடைசியில் வந்தேவிட்டது, பூட்டிய கதவுக்கு அந்தப் பக்கம், அவளுக்கு இல்லாமல். திரும்பி இலையைப் பார்த்தாள். அவளுக்கு ஆத்திரம் வந்தது. அது யார் இலை? அவள் சமைத்தது, அவளுக்குப் பிடித்தது, அவள் பேருக்குப் போட்டது. போய்ப் பாயில் உட்கார்ந்தாள். ஒரு வடையைப் பிட்டுக் குழம்பில் தோய்த்து வாயில் போட்டாள். முப்பது தடவை மென்று விழுங்கினாள். இரண்டாவது வாய். மூன்றாவது வாய் நெஞ்சுக்குழியில் வந்து நின்று குத்தியது. இனி ஒரு பருக்கை இறங்காது. கையை மடியில் வைத்துக்கொண்டு, கலையாத அந்தச் சோற்று மலையைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தாள்.

வலது பக்கம் பாய் அமுங்கியது.

அவள் திரும்பவில்லை. மூச்சு கேட்டது. ஒரு வாய்க்கும் அடுத்த வாய்க்கும் நடுவில் இழுத்து விடுகிற மூச்சு. அது அவளுக்குத் தெரியும், முப்பது வருஷம் அவள் விட்ட மூச்சுதான். வியர்க்குருப் பவுடர் வாசனை வந்தது. இலையில் வறுவல் ஓரத்திலிருந்து குறைந்தது. குழம்புச் சோற்றில் நான்கு விரல் போன தடம் விழுந்தது, விழுந்த இடம் வெறும் இலையாகத் தெரிந்தது. அப்பளம் நொறுங்கியது. மெல்லுகிற சத்தம் ரசித்து, அவசரமில்லாமல், நன்றாகப் பசித்தவர்கள் மெல்லுகிற சத்தம்.

பயமாக இருந்தது. ஆனால் அவள் எழுந்து ஓடாததற்கு அது காரணம் இல்லை. வலது தோளிலும் இடுப்பிலும் பெரிய, மெத்தென்ற, உயிருள்ள சூடு ஒன்று உரசிக்கொண்டிருந்தது. எத்தனையோ மாதமாக உடம்பை விட்டுப் போகாத குளிர் அந்தப் பக்கத்தில் மட்டும் போயிருந்தது. இத்தனை நாள் தான் எவ்வளவு தனியாகச் சாப்பிட்டுக்கொண்டிருந்தோம் என்பது அவளுக்கு அப்போதுதான் உறைத்தது. தன்னை அறியாமல் அந்தச் சூட்டின்மேல் கொஞ்சம் சாய்ந்தாள். அது விலகவில்லை.

வெளியே மூன்று தடவை கை தட்டினார்கள். கொண்டி எடுபட்டது.

ஜோதியம்மாள் முதலில் இலையைத்தான் பார்த்தாள். துடைத்த மாதிரி இருந்தது இலை. கன்னத்தில் போட்டுக்கொண்டு நிலைப்படியிலேயே நின்றுவிட்டாள். அன்பரசன் உள்ளே வந்தான். பாயில் உட்கார்ந்திருந்த மதிவதனியைப் பார்த்தான். பிறகு அவளுக்கு வலது பக்கம் அமுங்கிக் கிடந்த பாயைப் பார்த்தான். அங்கேயே வெகு நேரம் பார்த்தான். எதிரே வந்து சம்மணம் போட்டு உட்கார்ந்துகொண்டான்.

"ரெண்டு பேரும் சாப்புட்டீங்களா?" என்றான்.

இப்போதும் ஒரே வார்த்தைதான். 'இங்கே யாரும் இல்லை, நான் ஒருத்திதான்' என்று சொன்னால் போதும். பாதி உண்மையாவது அதில் இருக்கிறது. சொன்னால் நம்பவும் செய்வான், அவன் நல்லவன். நம்பிவிட்டு எழுந்துபோய் நாளையிலிருந்து மறுபடி சுவரைப் பார்த்து உட்காருவான்.

"எனக்குப் போதும்ங்க" என்றாள் மதிவதனி. "இவளுக்குத்தான் இன்னும் பசி அடங்கல. குழம்பு ஊத்தி இன்னும் கொஞ்சம் சோறு எடுத்துட்டு வாங்க."

அன்பரசன் எழுந்து ஓடினான். அவன் அப்படி ஓடி அவள் வெகுகாலமாகப் பார்க்கவில்லை. அடுப்படியில் மூடி உருண்டது, கரண்டி விழுந்தது, "இதோ வந்துட்டேன், இதோ வந்துட்டேன்" என்று அவன் தனக்குள் சொல்லிக்கொள்வது கேட்டது. யாருக்காக ஓடுகிறான் என்பது அவளுக்கு நன்றாகத் தெரிந்தது. தெரிந்தும், அவன் திரும்பி வருவதற்குள் அவள் இலையை விட்டுத் தள்ளி உட்கார்ந்து, மற்றவளுக்கு இடம் விட்டாள்.